எந்த வாயு, எவ்வளவு, யார் அளந்தது? பணியிடக் காற்றின் நச்சை அளப்பதும் அதன் சட்டமும்

"விஷவாயு தாக்கி மூவர் பலி" என்னும் தலைப்பு நமக்குப் பழகிப்போன ஒன்று. ஊர் மாறும், ஒப்பந்ததாரர் மாறுவார், வாக்கியம் மாறுவதில்லை. அந்த வாக்கியத்தில் தொழிலாளியைக் குழிக்குள் இறக்கியவர் இடம்பெறுவதில்லை. தாக்கியது வாயு, இறந்தது தொழிலாளி, அத்துடன் செய்தி முடிந்துவிடுகிறது. எந்த வாயு, காற்றில் எவ்வளவு இருந்தது, இறங்குவதற்கு முன் யார் அளந்தார், அளந்ததை எங்கே எழுதினார் என்ற நான்கு கேள்விகளுக்கும் முதல் தகவல் அறிக்கையிலும் பெரும்பாலும் விடை இருப்பதில்லை.

இந்த நான்கும் அறிவியல் கேள்விகளாகத் தோன்றலாம். நாம் இவற்றைச் சட்டக் கேள்விகளாகவே பார்க்கிறோம். பணியிடக் காற்றை அளக்கும் கடமையைச் சட்டம் வேலை தருபவர் மீது சுமத்தியிருக்கிறது. அளவீடு இல்லாத இடத்தில் குற்றம் "விபத்து" ஆகிவிடுகிறது. அளக்காமல் விட்டவருக்கே அந்த அறியாமை தற்காப்பாகவும் அமைந்துவிடுகிறது. இந்தக் காற்றைச் சுவாசிப்பவர்கள் யார் என்பதிலும் மர்மம் இல்லை. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின்கீழ் கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 பாதாளச் சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தோல் பதனிடும் ஆலைகளின் ஈரப் பகுதியில், சுண்ணாம்புக் குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறக்கிவிடப்படுவோரும் பெரும்பாலும் நம் மக்களே. ஆகவே காற்றை அளப்பது எப்படி என்பதை வழக்கறிஞரும் களப்பணியாளரும் மாணவரும் ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும்.

மூக்கு ஏன் கருவியாகாது

மலக்குழியிலும் தோல் ஆலைத் தொட்டியிலும் முதன்மையான கொலையாளி ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டையின் நாற்றம் அதற்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பலரும் அறியாதது, அந்த நாற்றம் எப்போது மறைகிறது என்பதே. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதை உணர்ந்துவிடும். இந்த அளவைத்தான் பி.பி.எம். என்கிறோம். ஆனால் 100 பி.பி.எம்.ஐத் தாண்டியதும் முகரும் நரம்பு மரத்துப்போகிறது, நாற்றம் நின்றுவிடுகிறது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று மேலே நிற்பவர் சொல்லும் கணத்தில் குழிக்குள் மரண அளவு இருக்கக்கூடும். 500 பி.பி.எம்.க்கு மேல் சில நிமிடங்களில் மயக்கம், 1,000 பி.பி.எம். அளவில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடலாம். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அதே குழியில் இறப்பது இதனால்தான். அவர்களின் அவசரத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. கயிறும் மூச்சுக்கருவியும் மேலே தயாராக இருந்திருந்தால் அவர்கள் உள்ளே இறங்கவேண்டிய தேவையே வந்திராது.

விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது, தீக்குச்சியைப் போட்டுப் பார்ப்பது ஆகிய வழக்கங்கள் இன்றும் உள்ளன. சுடர் அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று பொருள், சரி. ஆனால் சுடர் நன்றாக எரிந்துகொண்டிருக்கும் காற்றிலேயே ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்க முடியும். குழியில் மீத்தேன் 5 விழுக்காட்டைத் தொட்டிருந்தால் அந்தச் சுடரே வெடிப்புக்குத் திரியாகும். ஈய அசிட்டேட் கரைசலில் நனைத்த தாள் ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் பழுப்பாகி, பின் கருக்கும். அது வாயு இருப்பதைக் காட்டும். எவ்வளவு என்பதை நம்பத்தக்க வகையில் காட்டாது.

நான்கு வாயு அளக்கும் கருவி

களத்தில் கேஸ் டிடெக்டர் என்று அழைக்கப்படுவது கையடக்கமான கருவி. ஆக்சிஜன், எரியக்கூடிய வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் காட்டும். 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோர் பணி தடை, மறுவாழ்வுச் சட்டத்தின் விதிகள் வேலை தருபவர் வழங்கியாக வேண்டிய பாதுகாப்புக் கருவிகளின் பட்டியலை வகுத்துள்ளன. நான்கு வாயு அளக்கும் கருவி அந்தப் பட்டியலில் உள்ளது. ஆகவே அது இருந்தால் நல்லது என்ற வகைப் பொருளன்று. பட்டியல் நடைமுறையில் எங்கே நிற்கிறது என்பதற்கு அரசின் சொந்த ஆய்வே சான்று. 2022, 2023 ஆண்டுகளில் நிகழ்ந்த 54 சாக்கடை, மலக்குழி மரணங்களை ஆராய்ந்த ஒன்றிய அரசின் சமூகத் தணிக்கை, அவற்றில் 49 பேர் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் இறங்கினர் என்று கண்டது. கையுறைகூடக் கொடுக்கப்படாத இடத்தில் கேஸ் டிடெக்டரைத் தேட வேண்டியதில்லை.

கருவி இருக்கும் இடத்திலும் அளக்கும் முறை தவறினால் எண்ணுக்கு மதிப்பில்லை. முதலில் ஆக்சிஜனைப் பார்க்க வேண்டும்; பின் எரியக்கூடிய வாயு; பின் நச்சுவாயு. எரியக்கூடிய வாயுவைக் காட்டும் உணரி பொதுவாக ஆக்சிஜன் உதவியுடன் வேலை செய்வது. ஆக்சிஜன் மிகக் குறைந்த குழியில் அது பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டிவிடும். இந்த வரிசைக்கு அதுவே காரணம். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 23.5 விழுக்காட்டுக்கு மிகாமலும், எரியக்கூடிய வாயு வெடிக்கும் தொடக்க அளவில் 10 விழுக்காட்டுக்குக் கீழும், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பி.பி.எம்.க்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் நெறி.

எங்கே அளப்பது? ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடச் சற்றுக் கனமானது. மீத்தேன் காற்றைவிட மிக இலேசானது. ஆகவே மூடியருகே ஒரு முறை, நடுவில் ஒரு முறை, அடியில் ஒரு முறை என அளக்க வேண்டும். கருவியைக் குழியின் வாயருகே நீட்டிவிட்டு "நார்மல்" என்று எழுதுவது அளவீடே ஆகாது. நீளமான உறிஞ்சு குழாய் இல்லாத கருவியால் ஆழத்தை அளக்க முடியாது; அந்தக் குழாய் இருந்ததா என்பது குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மற்றொன்று, வழக்குகளில் பெரிதும் கவனிக்கப்படாமல் போவது. மலக்குழியின் சகதிக்குள் வாயு கரைந்தும் அடைபட்டும் கிடக்கிறது. மேற்பரப்புக் காற்றை அளக்கும்போது கருவி குறைந்த எண்ணைக் காட்டும். தொழிலாளி இறங்கி, மண்வெட்டியால் சகதியைக் கிளறியதும் அடைபட்ட வாயு மொத்தமாக வெளியேறும். இறங்குமுன் எடுத்த அளவு, கிளறிய பின் உள்ள காற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எனவே கருவி தொழிலாளியின் மார்பில் மாட்டப்பட்டு, வேலை முடியும்வரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். "இறங்கும் முன் சோதித்தோம்" என்ற ஒப்பந்ததாரரின் வாக்குமூலம் உண்மையாகவே இருந்தாலும் போதாது.

கருவியும் பழுதாகும். உணரிகளுக்கு ஆயுள் உண்டு. அளவு தெரிந்த வாயுவை ஊதி, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று ஒவ்வொரு நாளும் பயன்பாட்டுக்கு முன் பார்ப்பதும், குறிப்பிட்ட கால இடைவெளியில் அளவுத்திருத்தம் செய்து சான்று வைத்திருப்பதும் நடைமுறை. அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் கருவி, ஆய்வாளர் வரும் நாளில் மேசைக்கு வந்துவிடும். அதன் அளவுத்திருத்தச் சான்றின் தேதியைக் கேட்டால் கதை வெளிப்பட்டுவிடும்.

தோல் ஆலையின் வேதியியல்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு வட்டாரத் தோல் ஆலைகளில் இதே வாயு வேறு வழியில் பிறக்கிறது. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்ஃபைடு சேர்க்கப்படுகிறது. அந்தக் கரைசல் கடுமையான காரம். காரத்தன்மை உயர்ந்திருக்கும்வரை சல்ஃபைடு நீரிலேயே கரைந்து கிடக்கும். அடுத்த கட்டத்தில் சுண்ணாம்பை நீக்க அம்மோனிய உப்புகளும், பின்னர் அமிலமும் வருகின்றன. காரத்தன்மை குறையக் குறைய, கரைந்திருந்த சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக எழும். அம்மோனிய உப்புகளிலிருந்து அம்மோனியாவும் கிளம்பும். ஆலைக்குள் டிரம்மின் மூடியைத் திறப்பவர் முகத்தில் இது அடிக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து கழிவுநீர் செல்லும் பாதையில் உள்ளது. சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புக் கழிவும் அமிலக் கழிவும் தனித்தனி வடிகால்களில் போக வேண்டும். இரண்டும் ஒரே தொட்டியில் கலந்தால் அத்தொட்டியே வாயு உற்பத்திச் சாலையாகிவிடும். அந்தத் தொட்டியின் அடைப்பை எடுக்கவும் சகதியை வாரவும் ஆளை இறக்குகிறார்கள். ஆலைக்குள் வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளியை அதற்கு அனுப்புவதில்லை. வெளியிலிருந்து நாள்கூலிக்கு ஆள் வருகிறார். இந்த வேலைக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஊரின் சாதி முன்னமே தீர்மானித்து வைத்திருக்கிறது. ஆலையின் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. எனவே எந்த அளவீட்டிலும் அவர் இல்லை.

இங்கே சட்டத்தில் ஒரு நுண்ணிய இடைவெளியைக் கவனிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடையையும் மலக்குழியையும் மனிதக் கழிவோடு சேர்த்தே வரையறுக்கிறது. தோல் ஆலையின் வேதிக்கழிவுத் தொட்டி அந்த வரையறைக்குள் வராது என்று ஆலைத் தரப்பு வாதிடும். 2014இல் சஃபாய் கர்மசாரி அந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த 10 லட்சம் ரூபாய் இழப்பீடும், 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டதும் சாக்கடை மரணங்களுக்கே உரியவை என்பதும் அதே தரப்பின் அடுத்த வாதமாகும். எதிர்வாதம் உண்டு. ஆலைக் கழிப்பறையின் நீரும் அதே தொட்டிக்கு வருகிறதா என்பதை முதல் நாளிலேயே விசாரித்து, வரைபடத்துடன் பதிவு செய்தாக வேண்டும். வந்தால் அத்தொட்டி மனிதக் கழிவையும் ஏற்கும் தொட்டியே.

வராவிட்டாலும் நாம் வெறுங்கையுடன் நிற்பதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவு, நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களைப் பற்றியது. முதலில் அங்குள்ள வாயுவை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் கொண்டுவர இயன்ற எல்லா நடவடிக்கையும் எடுக்கப்பட வேண்டும். அதன்பின், தகுதி பெற்ற ஒருவர் தாமே சோதித்து, ஆபத்தான வாயு இல்லை என எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும். அல்லது இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் இல்லாமல் ஒருவரையும் உள்ளே அனுப்பலாகாது. "தாமே சோதித்து", "எழுத்தில்" என்னும் இரு சொற்களை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் இருந்தால் எண் இருக்கும். எண் இருந்தால் கருவி இருக்கும். எதுவும் இல்லை என்றால் பிரிவு மீறப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

மெல்லக் கொல்லும் காற்று

குழி மரணங்கள் செய்தியாகவேனும் ஆகின்றன. நாள்தோறும் சிறு அளவில் உள்ளே போவது அதுவும் ஆவதில்லை. தோல் சீவும், தேய்க்கும் எந்திரங்களின் தூசி. மெருகூட்டும் பகுதியில் தெளிக்கப்படும் கரைப்பான். காலணி ஆலைகளில் மேல்பகுதியை ஒட்டும் பெண்களின் மேசையிலிருந்து எழும் பசையின் ஆவி. தோல் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. பசைகளில் பயன்படும் ஹெக்சேன் கரைப்பான் கை, கால் நரம்புகளைச் சிதைக்கும். இவற்றை மலக்குழிக் கருவியால் அளக்க முடியாது, முறையே வேறு.

தொழிலாளியின் சட்டைக் காலரில், மூக்குக்கும் வாய்க்கும் அருகே ஒரு சிறு கண்ணாடிக் குழாயோ வடிதாளோ பொருத்தப்படும். இடுப்பில் ஒரு சிறு பம்பு, அளவிட்ட வேகத்தில் காற்றை அதன் வழியே இழுக்கும். குழாயிலுள்ள கரி ஆவியைப் பிடித்துக்கொள்ளும். வடிதாள் தூசியைப் பிடிக்கும். ஷிப்ட் முடிந்ததும் ஆய்வகத்தில் பகுத்து, காற்றில் எவ்வளவு இருந்தது எனக் கணக்கிடுவர். இதுதான் தனிநபர் மாதிரி. அறையின் சன்னலருகே ஒரு கருவியை நிறுத்தி எடுப்பது இட மாதிரி. பசை தடவும் பெண் குனிந்திருக்கும் மேசைக்கும் சன்னலுக்கும் இடையே காற்று ஒன்றல்ல. அறிக்கையைக் கையில் வாங்கியதும், மாதிரி எந்த உயரத்தில், யார் உடலில், எத்தனை மணிநேரம் எடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். அது குறிப்பிடப்படாத அறிக்கையை நாம் சான்றாக ஒப்புக்கொள்ளக் கூடாது.

போபால் படுகொலைக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41-எஃப் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுகளைத் தந்தன. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு எட்டு மணிநேரச் சராசரி 10 பி.பி.எம்., அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் 14 மில்லிகிராம். 15 நிமிடக் குறுகிய நேர உச்சம் 15 பி.பி.எம். அம்மோனியாவுக்கு முறையே 25, 35. இரண்டு வகை எண்கள் எதற்கு என்பதை ஒரு கணக்குக் காட்டும். டிரம்மைத் திறக்கும் ஒருவர் 5 நிமிடம் 200 பி.பி.எம். ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சுவாசிக்கிறார். மூக்கு மரத்துப்போகும் அளவு அது. மீதி நாள் முழுதும் 2 பி.பி.எம். என்று கொள்வோம். எட்டு மணிநேரத்துக்குச் சராசரி எடுத்தால் 4 பி.பி.எம். வரும், "வரம்புக்குள்" என்று அறிக்கை சொல்லும். அதே 5 நிமிடத்தை 15 நிமிடத்துக்குச் சராசரியாக்கினால் 65க்கு மேல் வருகிறது. வரம்பைப் போல நான்கு மடங்கு. பொய் எதுவும் எழுதாமலே உண்மையை மறைக்கச் சராசரி போதும். குறுகிய நேர அளவு எங்கே என்று கேட்காதவரிடம் ஆலை அதைத் தானாகத் தருவதில்லை.

எட்டு மணிநேரம் என்பதும் கவனிக்கத்தக்கது. மீதிப் பதினாறு மணிநேரத்தில் உடல் நச்சை வெளியேற்றும் என்ற கணிப்பில்தான் அந்த எண் நிற்கிறது. பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்பவருக்கு உள்வாங்கும் நேரம் கூடுகிறது, வெளியேற்றும் நேரம் குறைகிறது. தொழில்சார் சுகாதாரத்தில் வழங்கும் பிரீஃப் - ஸ்காலா கணக்கின்படி பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வரம்பைப் பாதியாக்க வேண்டும். 10 என்பது 5 ஆகும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் ஓய்வும் கூலியும் குடும்பமும் பேசப்பட்டன, காற்று பேசப்படவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பன்னிரண்டு மணிநேரம் உழைப்பது எந்த மசோதாவுக்கும் காத்திருக்கவில்லை என்பது தனி.

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் ஓர் இடம்: மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை ஆலைக்கு வெளியே ஊர்க் காற்றையும் புகைபோக்கியையும் பற்றியது. ஆலைக்குள் தொழிலாளி சுவாசிக்கும் காற்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொறுப்பு. ஆலை நிர்வாகம் முதலாவதைக் காட்டி இரண்டாவதை முடித்துவிடப் பார்க்கும். அறிக்கையில் "கண்டறியும் எல்லைக்குக் கீழ்" என்று இருந்தால், அந்த எல்லை எத்தனை என்று கேளுங்கள். 20 பி.பி.எம்.க்குக் கீழ் எதையும் காணமுடியாத முறையைக் கொண்டு 10 பி.பி.எம். வரம்பை ஒருவர் சரிபார்க்க முடியாது. மாதிரி எடுத்த நாளில் எத்தனை டிரம்கள் ஓடின என்பதும் உற்பத்திப் பதிவேட்டில் இருக்கும்.

புதிய தொகுப்புச் சட்டமும் பழைய கடமையும்

2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில், தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதற்கு முந்தைய நிகழ்வுகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் மேலே கூறிய பிரிவுகளை வழக்கறிஞர்கள் மூட்டை கட்டி வைத்துவிட முடியாது. புதிய சட்டத்தில் உச்ச அளவுகளின் அட்டவணை இல்லை. அவற்றை நிர்ணயிக்கும் பொறுப்பு மாநில அரசின் விதிகளுக்கு விடப்பட்டுள்ளது. பழைய அட்டவணையையும் அறிவிக்கை மூலம் திருத்த முடிந்தது என்பது உண்மை. ஆயினும் அது நாடு முழுமைக்கும் ஒரே எண்ணாக இருந்தது. முதலீட்டுக்குப் போட்டியிடும் மாநிலங்களின் கையில் இந்த எண் போய்ச் சேர்ந்திருப்பதை நாம் கவலையுடன் பார்க்கிறோம்.

இன்னொரு மாற்றம் இதைவிட உடனடியானது. மின்விசையுடன் 10 தொழிலாளர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்த வரையறை 20 ஆகவும், மின்விசை இல்லாத இடத்தில் 20 என்றிருந்தது 40 ஆகவும் உயர்ந்துள்ளது. கூலிக்குத் தோல் மெருகூட்டித் தரும் சிறு கூடங்கள், காலணி மேல்பகுதி தைக்கும் வீட்டையொட்டிய கூடங்கள் பலவும் அந்த வரையறைக்கு வெளியே போகும். அளக்க வேண்டிய காற்று குறையவில்லை. அளக்கக் கடமைப்பட்ட இடம் குறைந்திருக்கிறது.

அரசியலமைப்பு வழியில் நமக்கு வலுவான பிடி ஒன்று உண்டு. 1995 ஜனவரியில் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் 21ஆவது உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொள்கையைச் சொல்வதோடு அது நிற்கவில்லை. காற்றிலுள்ள ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைச் சவ்வு வடிதாள் முறையில் அளக்க வேண்டும் என்றும், தொழிலாளரின் உடல்நலப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையை விட்ட பின் 15 ஆண்டுகளோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அளவீட்டு முறையையே உரிமையின் உள்ளடக்கமாக நீதிமன்றம் எழுதிய அரிய தீர்ப்பு இது. தோல் தூசிக்கும் கரைப்பானுக்கும் இதே தருக்கத்தை நீட்டும் மனுக்கள் ஏன் குவியவில்லை என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாட்சியச் சட்டமும் துணை நிற்கும். ஒருவரின் தனிப்பட்ட அறிவில் உள்ள செய்தியை மெய்ப்பிக்கும் சுமை அவர் மீதே என்கிறது பாரதிய சாட்சிய சட்டத்தின் 109ஆவது பிரிவு. தம்மிடம் இருக்கவேண்டிய ஆவணத்தை ஒருவர் முன்வைக்காவிட்டால் அது அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என நீதிமன்றம் 119ஆவது பிரிவின்கீழ் ஊகிக்கலாம். தொழிற்சாலைகள் சட்டத்தின் 104-ஏ பிரிவு, நடைமுறையில் இதற்குமேல் செய்ய இயலாது என்று காட்டும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தோளிலேயே வைத்தது. அளவீட்டுப் பதிவேடு இல்லாதது நம் வழக்கின் பலவீனம் என்று எண்ணி மனந்தளரும் களப்பணியாளர்களுக்கு இதை நாம் அழுத்திச் சொல்கிறோம்: பதிவேடு இல்லை என்பதையே வழக்கின் அடித்தளமாக வைக்கலாம்.

இறப்பு நிகழ்ந்த பின்

தீயணைப்புத் துறை வந்து மூடிகளைத் திறந்து காற்றைச் செலுத்தி உடல்களை எடுத்த பிறகு குழியை அளந்தால் எண் குறைவாகவே வரும். அந்த எண்ணை ஆலைத் தரப்பு பின்னர் ஆதாரமாகக் காட்டும். அது எத்தனை மணிக்கு, எத்தனை மூடிகள் திறந்திருக்க எடுக்கப்பட்டது என்பதை உடனே எழுதி வாங்க வேண்டும். தொட்டியின் சகதியும் நீரும் மாதிரியாக எடுக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். சகதியின் சல்ஃபைடு அளவும் நீரின் அமில, காரத்தன்மையும் எவ்வளவு வாயு எழுந்திருக்கும் என்பதற்குப் பின்னர் துணை நிற்கும். சோடியம் சல்ஃபைடும் அமிலமும் வாங்கிய ரசீதுகள், அன்றைய பம்புப் பதிவு ஆகியவற்றைக் கைப்பற்றக் காவல்துறைக்கு எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

உடற்கூராய்வு அறிக்கையில் "மூச்சுத்திணறலால் மரணம்" என்று மட்டும் எழுதப்பட்டால் வாயுவின் பெயர் நிரந்தரமாகத் தொலைந்துவிடும். உடல் அழுகும்போது தானாகவும் சல்ஃபைடு உண்டாகும். நாள்கள் கடந்தால் எது குழியின் வாயு, எது அழுகலின் வாயு என்று பிரிப்பது கடினம். எனவே தாமதமின்றி இரத்தமும் சிறுநீரும் எடுத்து தயோசல்ஃபேட்டுக்காகச் சோதிக்குமாறு மருத்துவரிடமும் புலனாய்வு அதிகாரியிடமும் உறவினர் பெயரில் மனு அளிக்க வேண்டும். இறந்தவர் உடலிலிருந்த வெள்ளி அரைஞாண், மெட்டி, செப்புத் தாயத்து ஆகியவை கருத்திருந்தால் அதுவும் தடயமே. ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியையும் செம்பையும் கருக்கச் செய்யும். உறவினர் அவற்றைத் துலக்கிவிடுவதற்கு முன் ஒளிப்படம் எடுத்து, பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இயற்கைக்கு மாறான மரணம் என்ற விசாரணையோடு நிறுத்திவிடக் காவல் நிலையம் முயலும். கவனக்குறைவால் மரணம் என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு குறைந்தபட்சம். வாயு இருக்கும் என்று தெரிந்தே, அளக்காமல் இறக்கியிருந்தால் 105ஆவது பிரிவைக் கோர வேண்டும். மலக்குழி, சாக்கடை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7, 9 பிரிவுகளும், இறந்தவர் பட்டியல் சாதியினராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவும் முதல் தகவல் அறிக்கையிலேயே இடம்பெற வலியுறுத்த வேண்டும்.

2025 நவம்பருக்கு முந்தைய ஆலை மரணங்களில் ஒரு காலக்கெடு பலரையும் வீழ்த்தியிருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின்கீழ் ஆய்வாளரோ, அவரது எழுத்து அனுமதி பெற்றவரோதான் நீதிமன்றத்தில் முறையீடு தாக்கல் செய்ய முடியும். குற்றம் ஆய்வாளரின் கவனத்துக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அது நடந்திருக்க வேண்டும். குடும்பம் அடக்கம் முடித்து, இழப்பீட்டுப் பேச்சுவார்த்தையில் அலைக்கழிந்து, வழக்கறிஞரிடம் வந்து சேரும்போது அந்த மூன்று மாதம் பெரும்பாலும் ஓடிப்போயிருக்கும். நிலுவையிலுள்ள வழக்குகளில் ஆய்வாளர் எந்த நாளில் இடத்தைப் பார்த்தார், 36ஆவது பிரிவின் சான்றிதழைக் கேட்டாரா, என்ன பதில் பெற்றார் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இப்போதே கேட்டு வாங்கலாம். புதிய மரணங்களில் முதல் வாரத்திலேயே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் மனு அனுப்பி, அஞ்சல் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் வழக்குக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள்.